வழியில் திரும்பிய இடங்கள்

ஜூலை 7, திங்கள். குடியாத்தம்

மெக்கானிக்கிடமிருந்து காரை எடுத்து வந்தேன். ஆயில் மாற்றியாயிற்று. நான்கு டயரிலும் காற்று சரி, ஸ்டெப்னியும் நன்றாக இருக்கிறது. நாளை விடிகாலையில் புறப்பாடு.

மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் தினமும் லாக் புத்தகம் எழுதியவன். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதனால்தான் இந்தப் பயணத்தையும் எழுதி வைக்கிறேன். வேறு காரணம் இல்லை.

போகிற இடம் வள்ளியூருக்கு அப்பால் ஒரு காப்பகம். அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். யமுனாவைப் போன்ற பெண்கள் நாற்பது பேர் அங்கே இருக்கிறார்களாம். யமுனா எங்கள் ஒரே மகள். வயது இருபத்தேழு. பேச்சும் புத்தியும் ஆறேழு வயதுக் குழந்தைக்கு உள்ள அளவு. குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, பயந்தால் சமாதானப்படுத்துவது எல்லாம் இத்தனை வருடமும் என் மனைவி சுலோச்சனாதான். நான் பாதி நாள் கம்பத்தின் மேல் இருந்தேன்.

சுலோச்சனாவுக்கு வயிற்றில் வந்த கட்டி ஈரலுக்கும் போய்விட்டது. இனி ஊசி வேண்டாம் என்று அவளே மருத்துவரிடம் சொல்லிவிட்டாள். தீபாவளி வரை என்றார் அவர். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

காப்பகம் சுலோச்சனா எடுத்த முடிவு. இப்போதைக்குச் சும்மா பார்த்துவிட்டு வரப்போகிறோம். மத்தியானம் முழுக்க அவள் கட்டிலில் சாய்ந்தபடி யமுனாவின் துணிகளில் சிவப்பு நூலால் பெயர் தைத்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு வர இத்தனை துணி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய். திண்டுக்கல், விடுதி

புறப்பட்டது 5.40. கிருஷ்ணகிரியில் இட்லி. யமுனா நான்கு, நான் மூன்று, சுலோச்சனா பாதி. சேலம் தாண்டும்வரை நல்ல ஓட்டம். மாலைக்குள் மதுரை போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நாமக்கல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு தகரப் பலகை. ‘பஸ் வீடு. பார்க்க வாரீர். 4 கி.மீ.’ என்று பச்சைப் பெயிண்டில் எழுதி, அம்புக்குறி போட்டிருந்தது.

“ஏங்க, அங்க திரும்புங்க” என்றாள் சுலோச்சனா.

“லேட்டாயிடும்.”

“ஆவட்டும். லேட்டா போனா இன்னா, கதவ சாத்திடுவாங்களா?”

திரும்பினேன். சோளக்காட்டு நடுவில் நிஜமாகவே ஒரு பஸ் நின்றது. வீட்டின் முன்பாதியை சிமெண்டிலேயே பஸ் மாதிரி கட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் சக்கரம், சிமெண்ட் பம்பர், பெயிண்டில் நம்பர். உள்ளே மட்டும் அசல் பஸ் சீட்டுகள், உடைத்து விற்கிற இடத்திலிருந்து வாங்கிப் போட்டவை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கண்டக்டர். எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய்க் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் பையோடு வந்தார்.

“உள்ள போங்கொ, உள்ள போங்கொ. படியில நிக்காதீங்கொ” என்றார், நாங்கள் மூன்றே பேர் இருக்கும்போது. சுலோச்சனா சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகிறது.

யமுனாவிடம் வந்து, “அம்மணி எங்க போகோணும்?” என்று கேட்டார்.

“வூட்டுக்கு.”

“வூட்டுக்கு ஒன்னு” என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். விசில் ஊதினார். யமுனா ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து சோளக்காட்டைப் பார்த்தாள்.

அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். ஏன் இப்படி ஒரு வீடு என்று கேட்டேன். “முப்பத்தி நாலு வருசம் வண்டியிலயே போயிருச்சுங்க. ரெண்டு புள்ளைங்க வளந்ததயும் நான் பாக்குல. ஊட்டுக்கு வந்தப்புறம் ஊட்டுல என்ன பண்றதுன்னே தெரீல. அதான் பஸ்ஸ இங்கியே கட்டிட்டனுங்க” என்றார். அவர் மனைவி டம்ளர்களை எடுத்துப் போனார்.

புறப்படும்போது யமுனா இறங்கவில்லை. வீடு வரவில்லை என்றாள். கண்டக்டர் விசில் ஊதி, “வூடு வந்திருச்சு, எறங்குங்கொ” என்றார். யமுனா வெளியே எட்டிப் பார்த்து, “இது எங்க வூடு இல்ல” என்றாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். கம்பியைக் கட்டிக்கொண்டு கத்தத் தொடங்கிவிட்டாள். கண்டக்டர் முகம் வாடிப்போயிற்று. சுலோச்சனா என்னை நகரச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து நிமிடம் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “பஸ்ஸு ரிப்பேரு. நாம கார்ல போலாம்” என்றாள். யமுனா உடனே இறங்கிவிட்டாள்.

மதுரை போக முடியவில்லை. திண்டுக்கல்லில் அறை. ஓடியது 385 கி.மீ.

ஜூலை 9, புதன். திண்டுக்கல்

சுலோச்சனாவுக்கு வலி. இன்று நகரவில்லை.

யமுனாவுக்கு மாதவிலக்கு. சுலோச்சனாவால் எழ முடியவில்லை. படுத்தபடியே, “ஒன்னுமில்ல, நான் சொல்றேன், நீங்க செய்ங்க. அவ உங்க பொண்ணுதான” என்றாள். நான் கடைக்குப் போய் வேண்டியதை வாங்கி வந்தேன். பிறகு விடுதியில் அறை பெருக்கும் அம்மாளைக் கெஞ்சி அழைத்து வந்து, வராந்தாவில் நின்றுகொண்டேன். அந்த அம்மாள் பொறுமைசாலி. யமுனா அழவில்லை.

திரும்பி உள்ளே போனபோது சுலோச்சனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

ஜூலை 10, வியாழன். கோவில்பட்டி

வலி குறைந்திருக்கிறது. 8.15க்குப் புறப்பட்டோம். மதுரை தாண்டியாயிற்று. விருதுநகருக்குத் தெற்கே பாலம் வேலை நடப்பதால் வண்டிகளை ஒரு சின்ன ஊருக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்த ஊர்க் கடைத்தெரு முனையில் காற்றாலைக்குப் போகிற இறக்கை திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டு நின்றது. இறக்கை என்றால் ஒன்றே ஒன்று. அறுபது மீட்டருக்குக் குறையாது. அதை ஏற்றிய நீள லாரியின் தலை ஒரு தெருவிலும் வால் இன்னொரு தெருவிலும் இருந்தது. நடுவில் பாத்திரக்கடையின் முன்கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. ஸ்கூல் விட்டுவிட்டார்கள். வேர்க்கடலை வண்டி, ஐஸ் வண்டி எல்லாம் வந்துவிட்டன.

கார்கள் போக ஒரு சந்து இருந்தது. நான் அதில் விடப்போனேன். “இருந்து பாத்துட்டுப் போலாம்” என்றாள் சுலோச்சனா. வாடிக்கையாகிவிட்டது.

இறக்கைக்கு மேலே ஓயர் தாழ்வாகத் தொங்கியது. உள்ளூர் லைன்மேன் மூங்கிலால் அதைத் தூக்கப் பார்த்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போய், முதலில் டிரான்ஸ்பார்மரில் சப்ளையை நிறுத்தச் சொன்னேன். வீட்டு ஓயர்கள் மூன்றை அவிழ்த்துத் தரையில் போட வைத்தேன். “அண்ணாச்சி நம்ம டிபார்ட்மென்டா?” என்றார் லைன்மேன். பிறகு நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்பி, ஒரு ஜாண் ஒரு ஜாணாக, இரண்டு மணி நேரத்தில் இறக்கை முனையைத் தாண்டியது. ஜனங்கள் கை தட்டினார்கள். பாத்திரக்கடைக்காரர் எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார். இந்த ஆறு மாதத்தில் நான் ஒரு வேலையை உருப்படியாகச் செய்தது இன்றுதான் என்று தோன்றியது.

இறக்கை மெதுவாகப் போகும்போது யமுனா அதன் கூடவே நடந்து, நுனிவரை கையால் தடவிக்கொண்டே போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. சுலோச்சனா துணிக்கடைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் ஏறிய பிறகு சொன்னாள்: “யமுனாகிட்ட சொல்லிட்டேன்.”

“இன்னா சொன்ன?”

“நான் செத்துடுவேன்னு.”

எனக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். “அவளுக்கு இன்னா புரியும் அது?”

“உங்களுக்கு எவ்ளோ புரியுதோ அவ்ளோ புரியும்.”

பின்சீட்டில் யமுனா கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் ரேடியோவைப் போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி. வள்ளியூர்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

திருநெல்வேலி தாண்டி, நாங்குநேரிக்கு முன்பே, சுலோச்சனா மறுபடியும் திரும்பச் சொன்னாள். பலகை எதுவும் இல்லை. வெறும் மண்பாதை. இரண்டு கிலோமீட்டரில் ஒரு ஊர். முப்பது வீடு இருக்கும். புளியமரத்தடியில் டீக்கடை. கடைச் சுவரில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒன்று மாட்டியிருந்தது. மேலே சுண்ணாம்பு எழுத்தில், ‘இன்று நம் ஊருக்கு வந்தவர்கள்.’ கீழே நான்கைந்து பெயர்கள். ‘முட்டைக்காரர், திசையன்விளை.’ ‘மணியார்டர் தபால்காரர்.’ ‘ஆடு பிடிக்க வந்தவர், பெயர் சொல்லவில்லை.’

டீக்கடைக்காரர் சாக்பீஸை எடுத்துக்கொண்டார். “பேரு சொல்லுங்க, எந்தூர்லருந்து வாரிய?”

சொன்னேன். தணிகாசலம், சுலோச்சனா, யமுனா, குடியாத்தம் என்று அழகான எழுத்தில் எழுதினார்.

“எதுக்குங்க இது?” என்றாள் சுலோச்சனா.

“ஒண்ணுமில்லம்மா. அத்துவானத்துல கெடக்கோம்லா. யாராது வந்தா ஊருக்குத் தெரிய வேண்டாமா? சாயங்காலம் வேலை முடிஞ்சி வாரவங்க நின்னு வாசிச்சிட்டுப் போவாங்க. குடியாத்தம் எங்கன இருக்குன்னு இன்னைக்குப் பேச்சு ஓடும்.”

“அப்புறம் அழிச்சிடுவீங்களா?”

“ராத்திரி கடை அடைக்கும்போது அழிச்சிருவேன். நாளைக்கி எடம் வேணும்லா.”

சுலோச்சனா தலையாட்டினாள். யமுனா பலகைக்குக் கிட்டப் போய், அவள் பெயர் எது என்று கேட்டாள். கடைக்காரர் காட்டினார். அவள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெஞ்சில் நாங்கள் இருவரும் இருந்தோம். சுலோச்சனா டீயைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை. “மூணு நாளா உங்கள வழி மாத்தி வழி மாத்தி இழுக்கறேன். எதுக்குன்னு கேக்கவே இல்லியே” என்றாள்.

“ஊர் பாக்க ஆசப்படறன்னு நெனச்சேன்.”

“எங்கனா ஒரு எடத்துல, வேணாம், வூட்டுக்குப் போயிடலாம்னு சொல்வீங்கன்னு பாத்தேன்.”

நான் சொன்னேன்: “இது நீ எடுத்த முடிவுதான?”

“காப்பகத்து போன் நம்பர் எழுதினு வந்து என் கட்டில் மேல வெச்சது யாரு? நான் வேணாம்னு சொல்லல. அவ்ளோதான்.”

நான் பாதையைப் பார்த்தேன். ஆடுகள் போயின. அவை போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டு, “சரி, எழுந்திருங்க. அவளுக்குப் பசிக்கும்” என்றாள்.

பன்னிரண்டரைக்குக் காப்பகம். சுத்தமாக இருக்கிறது. வேப்பமரங்கள், பின்னால் கிணறு. தூரத்தில் காற்றாலைகள் சுற்றுவது தெரிகிறது. பொறுப்பில் இருப்பவர் எஸ்தர் டீச்சர், அறுபது வயது இருக்கும். யமுனாவைப் பார்த்து, “வா மக்களே, சாப்பிடுவோமா?” என்றார். யமுனா போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து யமுனாவின் தட்டில் வைத்தாள்.

“ஒரு மாசம் இருந்து பாக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க முடிவு சொல்லலாம்” என்றார் டீச்சர். படிவத்தில் நான் கையெழுத்திட்டேன். சுலோச்சனா தன் கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டாள்.

யமுனா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே கிளம்பினோம். சொல்லிவிட்டு வருகிறேன் என்று திரும்பிய என் சட்டையைச் சுலோச்சனா பிடித்துக்கொண்டாள். நேற்றே எல்லாம் சொல்லியாயிற்று என்றாள்.

ஜூலை 12, சனி

ஒரே நாளில் 640 கி.மீ. எங்கும் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஞாயிறுதோறும் காப்பகத்திலிருந்து போன். யமுனா கீரை ஆய்கிறாளாம். தானே குளிக்கப் பழகிவிட்டாளாம். சுலோச்சனா போனைக் காதில் வைத்துக்கொண்டு, “தானேவா? தண்ணி ஊத்திக்கிறாளா? சோப்பு கண்ணுல போவலியா?” என்று டீச்சரிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். போனை வைத்த பிறகு, “நான்தான் பழக்காம வெச்சிருந்தேன்” என்றாள்.

மாதம் முடிகிறது, முடிவு என்ன என்று டீச்சர் கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கஞ்சி வைத்தேன். இரண்டு கரண்டி இறங்கியது.

“யமுனாவ கூட்டினு வரட்டுமா?” என்று கேட்டேன்.

“எனக்காகவா?”

“ஆமா.”

“எனக்காகன்னா வேணாம். என்னை இப்படி அவ பாக்க வேணாம்.” கரண்டியைத் தள்ளிவிட்டு, “உங்களுக்காகன்னு சொன்னீங்கன்னா போங்க” என்றாள்.

கஞ்சி ஆறிவிட்டது. சூடு பண்ண எடுத்துப் போனேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலை 10.20. சுலோச்சனா.

வானம் தெளிவு. காற்று இல்லை. மின்தடை இல்லை.

செப்டம்பர் 24, புதன்

ஆற்றங்கரையில் அடக்கம். யமுனாவுக்குச் சொல்ல வேண்டாம், அவளை வைத்துக்கொண்டு யார் சமாளிப்பது என்றார் என் அண்ணன். தூரமும் அதிகம். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

அக்டோபர் 11, சனி. வள்ளியூர்

பதினாறாம் நாள் காரியம் புதன்கிழமை முடிந்தது. நேற்றுக் காலை தனியாகக் கிளம்பி, மதுரையில் தங்கி, இன்று பதினொரு மணிக்குக் காப்பகம் சேர்ந்தேன்.

யமுனா சமையலறை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மெலிந்திருக்கிறாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறார்கள், அவளே கேட்டாளாம். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் பின்னால் பார்த்தாள். பிறகு கார் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

“அம்மா செத்துடுச்சா?” என்று அவளே கேட்டாள்.

“ஆமாம்மா.”

“எப்ப?”

“பதினெட்டு நாளாச்சு.”

அவள் விரல்களை விரித்து எண்ணினாள். பத்துக்கு மேல் அவளுக்கு எண்ணத் தெரியாது. பத்து வந்ததும் கையைப் பார்த்தபடி நிறுத்திவிட்டாள்.

“என்னை ஏன் கூப்டல?”

“ரொம்ப தூரம்மா.”

“கார் இருக்குதே.”

அவள் கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது பார்த்திருக்கிறேன், கத்திப் பார்த்திருக்கிறேன். என்னை விட்டு எழுந்து போனது இதுதான் முதல்முறை.

மாலை வரை காத்திருந்தேன். வீட்டுக்குப் போகலாமா என்று டீச்சர் மூலம் கேட்டேன். வரவில்லை என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தாள், பேசவில்லை. “கோவம் இருக்கட்டும். அவ கோவப்பட்டா நாம பெருசா எடுத்துக்கிடணும்” என்றார் எஸ்தர் டீச்சர். “பிள்ளைய நான் வச்சிக்கிடுதேன், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க எதுக்கு வந்தீயன்னு மொதல்ல உங்களுக்குத் தெரியணும் சார்.”

அக்டோபர் 13, திங்கள். சேலம்

காலை எட்டு மணிக்கு நான் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் யமுனா நேராக வந்தாள்.

“அம்மாவ எங்க வெச்ச?”

“நம்மூர் ஆத்தங்கரைல.”

“நான் பாக்கணும்.”

கட்டியிருந்த துணியோடு போய்க் காரில் ஏறிக்கொண்டாள். பெட்டி எடுக்க வேண்டாமா என்றார் டீச்சர். யமுனா காது கொடுக்கவில்லை. வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றேன்.

இரவு தங்க சேலம். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சோப்பு இருக்கும் இடத்தை மட்டும் சொன்னேன். மற்றதெல்லாம் அவளே.

அக்டோபர் 14, செவ்வாய். குடியாத்தம்

வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆற்றங்கரை. பதினொன்றே கால்.

மண் இன்னும் அமுங்கவில்லை. மாலைகள் காய்ந்து கிடந்தன. யமுனா சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, தலைப்பக்கம் எது என்று கேட்டாள். காட்டினேன். அங்கே உட்கார்ந்து, மண்ணில் கை வைத்து, காப்பகத்தில் நடந்ததையெல்லாம் சொன்னாள். கிணற்றில் ஆமை இருக்கிறது என்றாள். முடி வெட்டிக்கொண்டதைச் சொன்னாள். அப்பளம் கொடுத்த பெண்ணின் பெயர் ஜெபமணி என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அழவில்லை. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள், நான் பேச வேண்டிய முறை என்பது போல.

உட்கார்ந்தேன். யாரிடம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. “பயந்துட்டேன்” என்றேன். “தனியா யமுனாவ பாத்துக்க என்னால முடியாதுன்னு பயந்துட்டேன். அதான் நம்பர் வாங்கினு வந்தேன். நீ கேட்டப்பகூட சொல்லல. அவளக் கூப்பிடாததும் அதனாலதான். தூரம் ஒன்னும் இல்ல.”

மூன்று மாதமாக இந்த நோட்டில் நான் எழுதாத வாக்கியம் அது. சொன்ன பிறகு நிறுத்த முடியாமல் அழுதேன்.

யமுனா நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“எனக்கும் பயமாதான் இருந்துச்சு” என்றாள். “அங்க. மொத நாளு.”

“இப்ப?”

கொஞ்சம் யோசித்தாள். “இப்ப இல்ல. ஆனா நான் வூட்லியே இருக்கேன்.”

தூறல் தொடங்கியது. அவள் எழுந்து, எனக்குக் கை கொடுத்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டதால் அதைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

டீச்சருக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். தீபாவளி கழித்து இருவரும் போய்ப் பெட்டியை எடுத்து வருவதாகவும், ஜெபமணியைப் பார்க்க யமுனா அவ்வப்போது வருவாள் என்றும் சொன்னேன்.

மாற்றிக்கொள்ள அவளுக்குத் துணி இல்லை, எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கிறது. நாளை கடைக்குப் போக வேண்டும். என்ன அளவு, என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளைத்தான் கேட்க வேண்டும்.